எம்ஜிபி ரோட்ஸ்டர் 1970: ஆக்சிலரேட்டர் கேபிள் எதை வாங்குவது?

பச்சைபி_ரெடிங்

வணக்கம். கேள்வி என்னவோ ஒரு வரிதான். ஆனால் ஒரு வரியில் கேட்டால் "எந்த வருடம், எந்தக் கார்புரேட்டர், என்ன ஆயிற்று" என்று ஆளுக்கொன்றாகத் திருப்பிக் கேட்பீர்கள் என்பதால் கதையை முழுவதுமாகவே எழுதிவிடுகிறேன்.

வண்டி 1970ஆம் வருட எம்ஜிபி, இரண்டு பேர் உட்காரும் பிரிட்டிஷ் திறந்த கார். வலதுபக்க ஸ்டியரிங், குரோம் பம்பர், 1798 சிசி எஞ்சின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க எஸ்யூ நிறுவனத்தின் எச்எஸ்4 வகைக் கார்புரேட்டர் இரண்டு. இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இன்னும் பழையபடியே இருக்கின்றன. வாங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. எனக்கு முன் வைத்திருந்தவர் விற்பதற்குச் சற்று முன்னால் ஏதோ ஒரு பணிமனையில் கிளட்ச் மாற்றியிருக்கிறார், ரசீது கோப்பில் இருக்கிறது. நான் மருந்தகத்தில் வேலை செய்பவள். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். மின்சாரம் என்றால் மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஹென்லி பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது ஒரு ரவுண்டானாவை நெருங்கினேன். பெடலிலிருந்து காலை எடுத்தேன். பெடல் வரவில்லை. எஞ்சின் நான் இன்னும் மிதித்துக்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டு இழுத்தது. கிளட்சை மிதித்ததும் ஒரு அலறல் அலறியது பாருங்கள், ரவுண்டானாவில் நாய் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். ஷூ முனையைப் பெடலுக்கு அடியில் கொடுத்து மேலே தூக்கினேன், வந்தது. மீதி ஆறு மைலையும் இரண்டாவது கியரில், ஒரு காலைப் பெடலுக்கு மேலும் மனதைப் பெடலுக்குக் கீழுமாக வைத்து ஓட்டி வீடு சேர்ந்தேன்.

பெடலையும் கார்புரேட்டரையும் இணைக்கும் கேபிளைக் கழற்றிப் பார்த்தால், பெடல் பக்கம் நிப்பிளுக்கு (கம்பி நுனியிலுள்ள குமிழுக்கு) அருகில் இரண்டு இழைகள் அறுந்து பிசிறு விட்டிருக்கின்றன. வெளி உறையின் பிளாஸ்டிக் இரண்டு இடங்களில் உருகியிருக்கிறது. கார்புரேட்டர் பக்கம் ஓரிடம், அது எக்ஸாஸ்ட் சூட்டினால் என்று நினைக்கிறேன். இன்னொன்று எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகட்டில் கேபிள் நுழையும் இடம். உள்கம்பியை இழுத்தால் பாதி வழியில் பசையில் சிக்கியது போல நிற்கிறது.

இப்போது மேசையில் மூன்று கேபிள்கள் இருக்கின்றன. பதற்றத்தில் மூன்றையுமே வாங்கிவிட்டேன், கேலி செய்யாதீர்கள். முதலாவது 10 பவுண்டுக்கும் குறைவு, பழையது போலவே கறுப்பு உறை, உள்ளே வெறும் சுருள் கம்பி. இரண்டாவதன் விலை அதைப்போல இரண்டு மடங்கு, உள்ளே நைலான் குழாய் ஓடுகிறது. மூன்றாவது வெளியே எஃகுப் பின்னல் போட்டுப் பளபளவென்று இருக்கிறது, "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று எழுதியிருந்தது. அப்படி எழுதிய எதுவும் எனக்கு இதுவரை பொருந்தியதில்லை, உடைகள் உட்பட. முதல் கேபிளின் உறை பழையதைவிட நாலு அங்குலம் நீளம். இரண்டாவது ஏறத்தாழச் சரி.

எதைப் போடுவது? எண்ணெய் விட்டுப் போடுவதா, விடாமலா? அப்புறம் கேபிளோடு சம்பந்தமில்லாத ஒன்று: காலையில் ஸ்டார்ட்டர் மிகவும் சோம்பலாகச் சுற்றுகிறது. பேட்டரி மாற்றுவதை அடுத்த மாதத்துக்கு வைத்திருக்கிறேன். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் சோக் பொத்தானும் சில வாரங்களாக இறுக்கமாக இருக்கிறது. ஐம்பது வருட வண்டி, ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்காபரோ_77

அக்கா, அந்த நாலு அங்குலம் நீளமான கேபிள் அநேகமாக வேறு வகை வண்டிக்கானது. எம்ஜிபியில் கார்புரேட்டர் எஞ்சினின் இடதுபக்கம். இங்கே கனடாவில் எங்கள் வண்டியில் ஓட்டுநரும் இடதுபக்கம், எனவே பெடலிலிருந்து கேபிள் நேரே முன்னால் போகிறது. உங்கள் வண்டியில் வலதுபக்கப் பெடலிலிருந்து குறுக்கே கடந்து இடதுபக்கம் வர வேண்டும். அதற்கு மேல் கார்புரேட்டர் மாறும்போதும் கேபிள் மாறும். என்னுடையது 1977, ரப்பர் பம்பர், ஒற்றை ஸெனித்-ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர். என் கேபிளை உங்களுக்கு அனுப்பினால் துணி காயப்போடத்தான் உதவும்.

எம்ஜிபிகளில் பெரும்பகுதி வட அமெரிக்காவுக்குத்தான் ஏற்றுமதியாயிற்று. அங்கிருந்து திரும்பி இங்கிலாந்துக்குப் போன வண்டிகளும் நிறைய. ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றியிருப்பார்கள், கார்புரேட்டரையும் மாற்றியிருப்பார்கள். ஆகவே பதிவுப் புத்தகத்தில் உள்ள வருடத்தைச் சொல்லி வாங்காமல், பழைய கேபிளை மேசையில் நீட்டி வைத்து அளந்து வாங்குங்கள். உறையின் நீளம் தனி, உறைக்கு வெளியே கம்பி எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது தனி. இரண்டாவது அளவைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். உறை சரியாக இருந்து கம்பி குட்டையாக இருந்தால் கார்புரேட்டர் நெம்புகோலில் பிடிக்க நுனி எட்டாது.

எனக்கு இரண்டாவது கேபிள் சரியென்று படுகிறது.

இருசக்கரன்

மூன்றாவதுதான் என் ஓட்டு. எஃகுப் பின்னல் போட்ட உறை உருகவே உருகாது. உங்கள் பிரச்சினை சூடு, அதற்கு மருந்து எஃகு. நீளம் கூடினால் வெட்டிக்கொள்ளலாம்.

அவசரத்துக்கு சைக்கிள் பிரேக் கம்பியும் போதும். கியர் கம்பி வேண்டாம், மெல்லியது. பிரேக் கம்பி ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். நான் என் மோட்டார் சைக்கிளுக்குக் கேபிள்களை வீட்டிலேயே செய்கிறேன். கம்பி நுனியை விரித்துக் குருவிக் கூடு போல ஆக்கி, நிப்பிளுக்குள் உட்கார வைத்து, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினால் ஆயுசுக்கும் கழலாது. நுனியை விரிக்காமல் வெறுமனே ஈயம் வைத்தால்தான் ஒருநாள் உருவிக்கொண்டு வரும்.

பழைய_ஸ்பேனர்

யாரும் எந்தக் கேபிளையும் போட வேண்டாம். தங்கச்சி, முதலில் எனக்கு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

ஒன்று, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வருகிறதா? இரண்டு, சோக் கேபிளின் உறையும் எங்காவது உருகியிருக்கிறதா? மூன்று, எஞ்சினிலிருந்தோ கியர்பாக்ஸிலிருந்தோ வண்டியின் உடலுக்கு ஒரு தட்டையான பின்னல் பட்டை போக வேண்டும், அது இருக்கிறதா?

நான் 32 வருடம் பஸ் பணிமனையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இப்போது கவென்ட்ரியில் இரண்டு எம்ஜிபியையும் ஒரு முழங்கால் வலியையும் வைத்துக்கொண்டு காலம் கழிக்கிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் கேபிளைவிட அந்தக் கிளட்ச் ரசீதுதான் என் கண்ணில் பட்டது. இந்த வண்டியில் கிளட்ச் மாற்ற வேண்டுமானால் எஞ்சினை வெளியே எடுத்தே ஆக வேண்டும். எஞ்சினை எடுப்பவன் நான் கேட்ட அந்தப் பின்னல் பட்டையை, அதாவது எர்த் பட்டையைக் கழற்றித்தான் எடுப்பான். திரும்ப மாட்டினானா என்பதுதான் கேள்வி.

எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. பேட்டரியின் ஒரு முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கிறது. ஸ்டார்ட்டர் எஞ்சினோடு இணைந்திருக்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கும் மேல் ஓடும். அத்தனையும் எஞ்சினிலிருந்து உடலுக்குத் திரும்பிப் போய் பேட்டரியை அடைய வேண்டும். அதற்குப் பாதை அந்தப் பட்டை. பட்டை இல்லையென்றால் மின்சாரம் "சரி, நாளைக்கு வருகிறேன்" என்று காத்திருக்காது. எஞ்சினையும் உடலையும் தொடும் வேறு உலோகம் எது என்று தேடும். சோக் கேபிள் இருக்கிறது, ஆக்சிலரேட்டர் கேபிள் இருக்கிறது. கட்டைவிரல் கனம் உள்ள வயரில் போக வேண்டியதெல்லாம் ஒன்றரை மில்லிமீட்டர் கம்பியில் போனால் அது மின் அடுப்பின் சுருள்தான்.

உங்கள் கேபிள் எங்கே உருகியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கார்புரேட்டர் பக்கம் உருகினால் எக்ஸாஸ்ட் சூடு என்று சொல்லலாம். உள்ளறைத் தகட்டில் நுழையும் இடத்தில் என்ன எக்ஸாஸ்ட் இருக்கிறது? அங்கே இருப்பது உலோகமும் உலோகமும் தொடும் இடம்.

இருசக்கரன் தம்பி, கோபிக்க வேண்டாம். எஃகுப் பின்னல் உறை போட்டால் அது உருகாது, உண்மைதான். மின்சாரத்துக்கு இன்னும் நல்ல பாதையாகிவிடும், ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், எல்லாரும் குணமாகிவிட்டது என்று நினைப்பார்கள். அந்த வண்டியில் பெட்ரோல் குழாய்க்கும் எஃகுப் பின்னல் போட்டிருந்தால் அதுவும் அந்தப் பாதையில் பங்கு கேட்கும். பெட்ரோல் குழாய் சூடாவதை நான் விரித்துச் சொல்ல வேண்டுமா?

தங்கச்சி, அந்தப் பட்டையைப் பார்க்கும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பச்சைபி_ரெடிங்

அண்ணா, கை நடுங்கிக்கொண்டே எழுதுகிறேன்.

நாற்றம் வருகிறது. பல மாதங்களாக வருகிறது. ஈரமான ஷூவை ஹீட்டர் மேல் வைத்தது போன்ற நாற்றம். பழைய வண்டிக்கென்று ஒரு வாசனை இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். சோக் கேபிளை இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். உறை ஓரிடத்தில் கொப்புளம் கொப்புளமாக இருக்கிறது. ஒரு பொத்தான் ஏன் இறுகுகிறது என்று நான் யோசிக்கவே இல்லை.

மூன்றாவதற்குப் பதில் சொல்ல வண்டியை ஜாக்கியில் தூக்கித் தாங்கிகளில் வைத்து அடியில் படுத்தேன். என் வண்டியில் அது எங்கே இருக்க வேண்டும்? கியர்பாக்ஸின் பின்பக்கம் ஒரு போல்ட் தனியாக நிற்கிறது, சுற்றிலும் வண்ணம் பூசாத வட்டம் ஒன்று தெரிகிறது. அதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை.

பழைய_ஸ்பேனர்

அந்த வட்டம்தான். சில வருடத்து வண்டிகளில் கியர்பாக்ஸ் பக்கமும் சிலவற்றில் எஞ்சினின் முன் தாங்கி அருகிலும் இருக்கும். முன்பக்கமும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், இடம் மாற்றிப் போட்டிருக்கலாம். இரண்டிடத்திலும் இல்லையென்றால் அந்தப் பணிமனையில் யாரோ ஒருவர் தேநீர் குடிக்கப் போய்விட்டு அதை மறந்துவிட்டார்.

பயப்பட ஒன்றுமில்லை. சாதாரண மல்டிமீட்டர் இருக்கிறதா? வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையை எஞ்சினில் வண்ணம் இல்லாத இரும்பிலும் மற்றதை இருக்கைக்குப் பின்னாலுள்ள பேட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். நீளமான வயர் வேண்டும். தீப்பற்றலுக்கான சுருளின் வயரைக் கழற்றிவிட்டு, இரண்டே நொடி மட்டும் ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் பட்டை நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் போகப் போகக் கவலை. பிறகு பேட்டரி இரவல் வாங்கும் தடித்த ஜம்ப் வயர் ஒன்றை எஞ்சினுக்கும் உடலுக்கும் நடுவில் போட்டு மறுபடி பாருங்கள்.

ஆக்சிலரேட்டர் கேபிள் இப்போது வண்டியில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள், ஆகவே மின்சாரம் முழுவதையும் சோக் கேபிள்தான் சுமக்கும். இரண்டு நொடிக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

பச்சைபி_ரெடிங்

பக்கத்து வீட்டுப் பையனைச் சாவிக்கு உட்கார வைத்துவிட்டுப் பார்த்தேன். பட்டை இல்லாமல் 3.8 வோல்ட். ஜம்ப் வயர் போட்டதும் 0.3. ஸ்டார்ட்டர் சுற்றிய சத்தமே வேறு. பதினான்கு மாதமாக நான் கேட்டது கிழவர் படியேறும் சத்தம், இன்றைக்குத்தான் வண்டியின் உண்மையான குரலைக் கேட்டேன். பையன் "இதுவரைக்கும் வேறு காரா வைத்திருந்தீர்கள்" என்று கேட்டான்.

புதுப் பட்டை வாங்கி, போல்ட் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிப் போட்டுவிட்டேன். மேலே கொஞ்சம் கிரீஸும் தடவினேன். மறுபடி அளந்தேன், 0.2. புது பேட்டரிக்காக எடுத்து வைத்திருந்த பணம் அப்படியே இருக்கிறது. அதில் ஒரு பங்கு சோக் கேபிளுக்குப் போகிறது.

கோபம் யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அந்தப் பணிமனை மேல் பாதி. ரசீதைப் பார்த்ததும் கிளட்ச் புதியது என்று மகிழ்ந்துவிட்டு, எஞ்சினை இறக்கி ஏற்றினார்களே என்று ஒருமுறைகூட அடியில் படுத்துப் பார்க்காத என் மேல் மீதிப் பாதி. நாற்பது வருடம் தாண்டிய வண்டிக்கு 2018லிருந்து இங்கே எம்ஓடி, அதாவது வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை என்பதால் நானும் கொண்டுபோகவில்லை.

இனி கேபிளுக்கு வருவோம். மூன்றில் எது?

பழைய_ஸ்பேனர்

எம்ஓடி கட்டாயமில்லை என்றால் செய்யக் கூடாது என்று பொருளல்ல. கேட்டால் செய்து தருவார்கள். வருடத்துக்கு ஒருமுறை வேறொரு கண் வண்டிக்கு அடியில் பார்ப்பது நல்லது. நானே என் வண்டிகளைக் கொண்டுபோகிறேன், அங்கே இருக்கும் பையன் என் பேரன் வயது. போன தடவை பின் பிரேக் குழாயில் துருவைக் காட்டினான். முகம் செத்துப்போய்த் திரும்பி வந்தேன்.

கேபிள். இரண்டாவது, நைலான் குழாய் ஓடுவது. எர்த் சரியான பிறகு அது உருகக் காரணம் இல்லை. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்ததும் மாட்டிவிடாதீர்கள். கையில் ஒரு பெரிய வளையமாகப் பிடித்துக்கொண்டு உள்கம்பியை இழுத்துப் பாருங்கள். வெண்ணெய் போல வர வேண்டும். வளையத்தைச் சின்னதாக்கிக்கொண்டே போங்கள், எந்த அளவில் பிடிக்க ஆரம்பிக்கிறதோ அதைவிடப் பெரிய வளைவுதான் வண்டியிலும் இருக்க வேண்டும். பிறகு கம்பியைப் பாருங்கள். மெல்லிய இழைகள் நிறைய இருந்தால் நன்றாக வளையும். தடித்த இழைகள் கொஞ்சமாக இருந்தால் முரடு, வளையும் இடத்தில் சீக்கிரம் அறும். நிப்பிளைக் கொறட்டால் பிடித்து நன்றாக ஒரு இழு இழுத்துப் பாருங்கள். மேசையில் கழன்றால் நல்லது, நெடுஞ்சாலையில் கழலாமல் இருக்கும்.

எண்ணெய் பற்றிக் கேட்டீர்கள். நைலான் குழாய் உள்ள கேபிளுக்கு எண்ணெய் வேண்டாம். எண்ணெய் தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும், தூசியும் எண்ணெயும் சேர்ந்து அரைக்கும் பசையாகும். உங்கள் முதல் கேபிள், வெறும் சுருள் கம்பி உள்ளது, அதற்கு மட்டும் எண்ணெய் விட வேண்டும். அதை வண்டியின் பின்பெட்டியில் போட்டு வையுங்கள். நாலு அங்குலம் நீளம் என்றாலும் நடுவழியில் நின்றால் வீடு வரை கொண்டுவந்து சேர்க்கும்.

மாட்டும்போது பெடல் பக்கம் நிப்பிள் பெடல் தண்டின் தலையில் உள்ள பிளவில் உட்காரும். அந்தப் பிளவின் ஓரத்தை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். ஐம்பது வருடத்தில் கம்பி அதை அறுத்துக் கத்தி முனை போல ஆக்கியிருக்கும். உங்கள் இரண்டு இழைகள் நிப்பிளுக்கு அருகில் அறுந்ததற்கு அதுதான் காரணம் என்பது என் சந்தேகம், அதற்கும் எர்த்துக்கும் தொடர்பில்லை. மெல்லிய அரத்தால் நாலு தேய் தேய்த்து வழுவழுப்பாக்குங்கள்.

அடுத்து கார்புரேட்டர் பக்கம். இங்கேதான் பத்தில் எட்டுப் பேர் தவறு செய்கிறார்கள். கம்பியைப் பிடிக்கும் அந்தச் சின்ன உருளை, நடுவில் துளையும் ஒரு திருகும் உள்ளது, நெம்புகோலில் தானாகச் சுழல வேண்டும். பெடலை மிதிக்க நெம்புகோல் வட்டமாகத் திரும்புகிறது, கம்பியோ நேராக இழுக்கிறது. உருளை சுழன்றால்தான் கம்பி வளையாமல் இருக்கும். அதன் நட்டை உயிரைக் கொடுத்து முறுக்கி அசையாமல் செய்துவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் கம்பி அதே இடத்தில் மடங்கி மடங்கி நிமிரும். காகிதக் கிளிப்பை மடக்கி நிமிர்த்தி ஒடிப்பது போலத்தான். உருளை தேய்ந்திருந்தால் புதிது வாங்குங்கள். எஸ்யூ உதிரிகள் சால்ஸ்பரியிலுள்ள பர்லன் நிறுவனம் இன்றும் செய்கிறது, கிடைக்காது என்ற பேச்சே இல்லை.

கம்பியைத் திருகில் பிடிக்கும்போது பெடலில் கொஞ்சம் தளர்வு இருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் எஞ்சின் ரப்பரில் அசையும்போதெல்லாம் தானே ஆக்சிலரேட்டரை இழுக்கும், ஐடில், அதாவது பெடலை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம், ஒருநாளும் நிலைக்காது. தளர்வு கூடிப்போனால் பெடல் தரையைத் தொட்டும் கார்புரேட்டர் முழுவதும் திறக்காது.

பச்சைபி_ரெடிங்

முழுவதும் திறக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? மிதித்துக்கொண்டே எட்டிப்பார்க்க எனக்கு இன்னும் அவ்வளவு நீளமான கழுத்து முளைக்கவில்லை.

பழைய_ஸ்பேனர்

அந்தச் சாவிப் பையன் எதற்கு இருக்கிறான்? எஞ்சின் நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டு உருளை ஏர் ஃபில்டர்களையும் கழற்றுங்கள். பையனைப் பெடலைத் தரையோடு மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கார்புரேட்டர் வாயில் விரலை விட்டு உள்ளிருக்கும் பிஸ்டனை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு டார்ச் அடியுங்கள். காற்றின் வழியைத் திறந்து மூடும் வட்டத் தகடு காற்றின் போக்குக்கு இணையாக, கத்தி விளிம்பு போல மெல்லிய கோடாகத் தெரிய வேண்டும். தகட்டின் முகம் கொஞ்சமாவது தெரிந்தால் முழுவதும் திறக்கவில்லை. இரண்டு கார்புரேட்டரிலும் பாருங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும்.

திறக்கவில்லை என்றால் கேபிளைத் திட்டுவதற்கு முன் பெடலுக்கு அடியில் உள்ள கம்பளத்தைத் தூக்குங்கள். புதிதாக அழகான தடித்த கம்பளம் போட்டு அடியில் பஞ்சும் போட்டால் பெடலுக்கு ஒரு அங்குலம் பயணம் குறைந்துவிடும். வண்டியின் வேகம் குறைந்துவிட்டது என்று எஞ்சினைப் பிரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. பெடல் தரையைத் தொடுவதும் கார்புரேட்டர் தன் எல்லையைத் தொடுவதும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். கார்புரேட்டர் முன்னாலேயே எல்லையைத் தொட்டுவிட்டால் உங்கள் காலின் முழு பலத்தையும் அந்தக் கம்பியும் நெம்புகோலும்தான் தாங்க வேண்டும். எத்தனை நாள் தாங்கும்?

கம்பியின் மிச்ச நுனியை எல்லாம் சரிபார்த்த பிறகுதான் வெட்ட வேண்டும். வெட்டும் இடத்தில் முதலில் ஈயம் ஒழுகவிடுங்கள், இழை பிரியாது.

வெப்பத் தடுப்புத் தகட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று கம்பித் தூரிகையை எடுத்துவிடாதீர்கள். பழையதாக இருந்தால் அதில் ஒட்டியிருப்பது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்).

இருசக்கரன்

பெரியவரே, எர்த் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். என் மோட்டார் சைக்கிளில் எஞ்சின் நேரே சட்டத்தில் போல்ட் போட்டு நிற்கிறது, அதனால் இப்படி யோசிக்கும் தேவை வந்ததில்லை. குருவிக் கூடு மட்டும் உண்மை, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பழைய_ஸ்பேனர்

குருவிக் கூட்டை நானும் விட்டுக்கொடுக்கவில்லை தம்பி. பஸ்ஸில் அப்படித்தான் செய்தோம்.

ஸ்காபரோ_77

இதையெல்லாம் படித்துவிட்டு இன்று மாலை என் வண்டியின் பட்டையைப் பார்த்தேன். இருக்கிறது. ஆனால் இங்கே சாலையில் கொட்டும் உப்பில் பச்சை பூத்து, தொட்டதும் பாதி இழைகள் பொடியாக உதிர்ந்தன. ஒரு ஆண்டு விட்டிருந்தால் நானும் இதே கேள்வியோடு வந்திருப்பேன். 25 டாலருக்குள் முடிந்தது.

அக்கா, ஆக்சிலரேட்டர் மறுபடி ஒருநாள் மாட்டிக்கொண்டால் பெடலுக்கு அடியில் ஷூவைக் கொடுக்கும் வித்தையை விட்டுவிடுங்கள். கிளட்சை மிதியுங்கள், சாவியை ஒரு நிலை மட்டும் பின்னால் திருப்பி எஞ்சினை நிறுத்துங்கள், பிரேக்கில் ஓரமாக வந்து நில்லுங்கள். சாவியை உருவிவிடாதீர்கள். ஸ்டியரிங் பூட்டு உள்ள வண்டியில் சக்கரம் இறுகிவிடும்.

பச்சைபி_ரெடிங்

சனிக்கிழமை முழுவதும் இதிலேயே போயிற்று. நைலான் கேபிள் உள்ளே போய்விட்டது. பெடல் தலையின் பிளவு அண்ணா சொன்னது போலவே கத்தியாக இருந்தது. விரலில் கீறிக்கொண்டு நிரூபித்தேன். மருந்தகக்காரி வீட்டில் பிளாஸ்டர் இல்லை, டேப் சுற்றிக்கொண்டு வேலையை முடித்தேன். உருளையும் சுழலாமல்தான் இருந்தது. முந்தையவர் நட்டை அப்படி முறுக்கியிருந்தார், கழற்ற இரண்டு ஸ்பேனர் வேண்டியிருந்தது.

பிஸ்டனைத் தூக்கிப் பார்த்தபோது முன் கார்புரேட்டரின் தகடு கோடாகத் தெரிந்தது, பின்னதில் முகம் தெரிந்தது. இரண்டையும் இணைக்கும் தண்டின் கிளாம்ப் நழுவியிருக்கிறது. அதாவது நான் வாங்கிய நாளிலிருந்து ஒன்றரைக் கார்புரேட்டரில்தான் ஓட்டியிருக்கிறேன். கம்பளத்தையும் தூக்கினேன். அடியில் பஞ்சு, அதற்கு அடியில் இன்னொரு கம்பளம், அதற்கு அடியில் 1980களின் அரைப் பென்னி ஒன்று.

இன்று காலை ஹென்லி வரை போய்வந்தேன். அதே ரவுண்டானா, அதே பெரியவர், அதே நாய். காலை எடுத்தேன், பெடல் வந்தது. அவர் என்னை அடையாளம் கண்டு தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

எஃகுப் பின்னல் கேபிளை வாங்கிய கடைக்குத் திருப்பி அனுப்புகிறேன். பழைய ஸ்பேனர் அண்ணா, அந்த இணைப்புத் தண்டின் கிளாம்பை நான் கையால் பார்த்துச் சரிசெய்துவிட்டேன், ஓடுகிறது. ஆனால் இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று காதில் ரப்பர் குழாய் வைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்று எங்கோ படித்தேன். அது நிஜமா, அல்லது கருவி ஏதாவது வாங்க வேண்டுமா?

பழைய_ஸ்பேனர்

நிஜம். அரை மீட்டர் ரப்பர் குழாய் போதும், ஒரு நுனி காதில், மறு நுனி கார்புரேட்டர் வாயின் ஓரத்தில் ஒரே இடத்தில். இரண்டிலும் ஒரே சீறல் கேட்க வேண்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலில் விட்டுக் கேளுங்கள். கிளாம்பை இறுக்கும் முன் இரண்டு தகடும் முழுவதும் மூடியிருந்தனவா? அதைச் சொல்லாமல் தாவிவிட்டீர்கள். அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுங்கள். இங்கேயே ஆரம்பித்தால் ஸ்காபரோத் தம்பிக்கு விடிந்துவிடும்.